கோட்டை விடுங்கள், கோப்பைப் பாருங்கள்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியிலும் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும், தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு எங்கள் சண்டையைப் பார்க்க வந்திருக்கும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் மக்களுக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘கர்பூரி தாக்கூரின் பெருமைக்குப் பெரிதும் காரணம் அவருடைய எளிமையா, அவர் போட்ட அரசாணையா?’ நோட்டீஸைப் பார்த்ததும் எங்கள் தெருவில் வந்த முதல் கேள்வி, “யாருப்பா இவரு, நம்ம பக்கத்து ஆள் மாதிரித் தெரியலையே?” என்பதுதான். ஆமாம், பீகார்க்காரர். இரண்டு தடவை அந்த மாநிலத்தின் முதலமைச்சர். 1952இல் முதல் பொதுத்தேர்தலிலேயே தாஜ்பூர் தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குள் போனவர். 1988 பிப்ரவரியில் இறக்கும்வரை, சட்டமன்றத் தேர்தல் என்று நின்றால் தோற்றதே கிடையாது. இறந்து 36 வருடம் கழித்து, 2024இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். ஏன் ஐயா இவரைப் பிடித்தீர்கள் என்று நடுவரைக் கேட்டேன். “காமராசரையும் கக்கனையுமே எத்தனை வருசம் மேடையேத்துறது, கொஞ்சம் வடக்கே போவோமே” என்றார். நியாயம்தான். அங்கிருந்து தினமும் ரயில் ரயிலாக நம் தீவுக்கு வருகிறார்கள். பதிலுக்கு நாமும் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

ஆனால் எனக்கு வாய்த்த பக்கத்தைப் பாருங்கள். கலாம் ஐயா பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, எளிமை அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று பேச வேண்டும். கூட்டம் முடிந்து நான் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும், பார்த்துச் செய்யுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். கலாம் ஐயாவை நாம் எளிமைக்காகவா முதலில் அறிந்தோம்? 1980 ஜூலையில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ராமேசுவரத்துக்காரர் என்றதும்தான் ஊர் நிமிர்ந்து பார்த்தது. அவரிடம் எத்தனை பெட்டி இருந்தது, எத்தனை சட்டை இருந்தது என்ற கணக்கெல்லாம் அப்புறம் வந்தது.

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாகப் பேசினார். கோட்டுக் கதை சொன்னார். 1952இல் எம்.எல்.ஏ. ஆன புதிதில் ஆஸ்திரியாவுக்குப் போகிற குழுவில் கர்பூரியைச் சேர்த்தார்கள், போட்டுக்கொள்ளக் கோட்டு இல்லை, நண்பரிடம் இரவல் வாங்கினார், அதுவும் கிழிந்த கோட்டு, போன இடத்தில் யூகோஸ்லாவியாவின் தலைவர் டிட்டோ அதைப் பார்த்துவிட்டுப் புதுக் கோட்டு கொடுத்தார் என்று. அடுத்துப் பேசிய அக்கா குர்தா கதை சொன்னார். 1977இல் பாட்னாவில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் வீட்டில் தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். முதலமைச்சர் கிழிந்த குர்தாவோடு வந்து நிற்கிறார். ஜனதா கட்சித் தலைவர் சந்திரசேகர் எழுந்து, தன் குர்தாவின் முன்பக்கத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், முதலமைச்சருக்குக் குர்தா வாங்க வசூல் செய்கிறார். கர்பூரி அந்தப் பணத்தை வாங்கி முதலமைச்சர் நிவாரண நிதியில் போட்டுவிட்டார். அக்கா சொல்லி முடித்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் தொண்டை அடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கிழிந்த குர்தாவால் யாருக்காவது ஒரு நஷ்டம் உண்டா? யாராவது அதை எதிர்த்து ஊர்வலம் போனார்களா? பேருந்தை மறித்தார்களா? அவர் ஆட்சி கவிழ்ந்தது கிழிந்த குர்தாவுக்காகவா? எளிமைக்கு எதிரி கிடையாது. ஏழையின் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவன்கூட, “பாவம், நல்ல மனுசன், ரிக்‌ஷாவில் போறாரு” என்று மனசாரப் பாராட்டிவிட்டு, அதே கையோடு வட்டி வசூலுக்குப் போய்விடுவான். ஒரு தலைவர் யாரென்று தெரிய வேண்டுமென்றால் அவரைப் பாராட்டுகிறவர்களைக் கேட்டுப் பயனில்லை. அவரைத் திட்டினவர்கள் எதற்காகத் திட்டினார்கள் என்று கேட்க வேண்டும். என் அணியின் வாதமே இதுதான்.

அப்படித் திட்டு வாங்கிய முதல் இடத்துக்கு வருகிறேன். 1967. நம் ஊரில் மார்ச் 6ஆம் தேதி அண்ணா முதலமைச்சர் ஆகிறார். அதற்கு முதல் நாள், மார்ச் 5, பீகாரில் மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் காங்கிரஸ் அல்லாத ஆட்சி பதவி ஏற்கிறது. அதில் கர்பூரி துணை முதலமைச்சர், கல்வி அமைச்சர். மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்ற விதியை எடுத்தார். அதுவரைக்கும் கணக்கில் நல்ல மார்க், வரலாற்றில் நல்ல மார்க், ஆங்கிலத்தில் மட்டும் கோட்டைவிட்டால் அந்தப் பிள்ளை மெட்ரிக் ஃபெயில். ஃபெயிலானால் கல்லூரி இல்லை, அரசாங்க வேலை இல்லை, பெண் பிள்ளையாக இருந்தால் அந்த வருடமே கல்யாணம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாரே இல்லாமல் ஆங்கிலத்தில் பாஸ் ஆகு என்றால் எப்படி? அவர் அந்த ஒரு வாசலைத் திறந்துவிட்டார்.

உடனே பட்டணத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? அப்படித் தேறிய பிள்ளைகளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஃபர்ஸ்ட் டிவிஷன், செகண்ட் டிவிஷன், தேர்ட் டிவிஷன், அதற்கும் கீழே ‘கர்பூரி டிவிஷன்’. கேலி பண்ணினார்கள்.

எதிரணி அண்ணன் உடனே எழுந்து, “தம்பி, அவர் ஆங்கிலத்தை எடுத்தது இந்தியைக் கொண்டுவரத்தானே, தமிழ்நாட்டு மேடையில் அதைப் போய்ப் பாராட்டுகிறாயே?” என்று மடக்கலாம். மடக்குங்கள். அவர் சோசலிஸ்ட் தலைவர் லோகியாவின் சீடர், ஆங்கிலத்தை விரட்டு என்ற கோஷத்தின் ஆள். அதில் நான் முழுக்க அவர் பக்கம் கிடையாது. நமக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது, இன்றைக்கும் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறகு உயர்படிப்பில் ஆங்கிலம் தடுக்கியது என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. அந்த ஆணை சரியா தவறா என்று 2 மணிநேரம் சண்டை போடலாம். ஆனால் பாருங்கள், 1967இல் போட்டதைப் பற்றி இன்றைக்கும் சண்டை போட முடிகிறது. கோட்டைப் பற்றிச் சண்டை போட முடியுமா? உச்சுக்கொட்டத்தான் முடியும்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கர்பூரி பிறந்தது 1924இல், சமஸ்திபூர் பக்கம் பிதௌஞ்சியா என்ற கிராமத்தில். இன்றைக்கு அந்த ஊருக்கே கர்பூரி கிராம் என்று பெயர். நாவிதர் குடும்பம். 1942இல் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வெள்ளையனே வெளியேறு போராட்டத்துக்குப் போனார். 26 மாதம் சிறை. வெளியே வந்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. 1970 டிசம்பரில் முதல் தடவை முதலமைச்சர் ஆனார், ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. இரண்டாவது தடவை 1977 ஜூன். நெருக்கடி நிலை முடிந்து ஜனதா அலை அடித்த நேரம்.

அவர் கைக்கு ஒரு பழைய அறிக்கை கிடைத்தது. முங்கேரி லால் ஆணையம், 1971இல் அமைத்தது, 1976இல் அறிக்கை கொடுத்தது. பிற்படுத்தப்பட்ட சாதிகள் 128 என்று கணக்கெடுத்து, அதில் 94 சாதிகள் மிகவும் பின்தங்கியவை என்று தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தது. ஆணைய அறிக்கைகள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பீரோவில் ஏறும். பீரோவுக்குச் சாவி தொலையும். கர்பூரி அதை எடுத்து, 1978 நவம்பரில் ஆணையாகப் போட்டார். அரசு வேலையில் மொத்தம் 26 சதவீதம். அதை அப்படியே ஒரே குவியலாகக் கொடுக்கவில்லை. மிகவும் பின்தங்கியவர்களுக்கு 12. மற்ற பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 8. பெண்களுக்கு 3. முன்னேறிய சாதிகளில் இருக்கிற ஏழைகளுக்கு 3.

இந்த 12ஐயும் 8ஐயும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டவர் என்று எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால், நிலம் இருக்கிறவன், நாலு பேர் படித்தவன் வீடு, எண்ணிக்கையில் பெரிய சாதி, இவர்கள்தான் இலையை முதலில் இழுப்பார்கள். நாவிதரும் குயவரும் ஓடக்காரரும் பந்தி முடிந்து வந்து நிற்பார்கள். அவருடைய சொந்த அணியில், சோசலிஸ்ட் கட்சியில், ‘பின்தங்கியோருக்கு நூற்றுக்கு அறுபது’ என்று பல வருடமாகக் கோஷம் போட்டார்கள். அந்த அறுபதில் யாருக்கு எவ்வளவு என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சொந்தக்காரனே சண்டைக்கு வருவான். கர்பூரி திறந்தார்.

அந்த மிகவும் பின்தங்கியோர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? கங்கையில் படகு ஓட்டி மீன் பிடிக்கிற மல்லா, கேவட். இராமனுக்கு ஓடம் விட்ட குகனின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். அந்த இராமன் மணலில் லிங்கம் பிடித்துக் கும்பிட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு குகனின் ஆட்களை யாரோ வடக்கத்தியார் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பக்கம் பாருங்கள். நம் மாநிலத்தில் மீனவர், பரவர், முக்குவர், மருத்துவர், நாவிதர் என்று இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் எம்.பி.சி., அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறீர்கள். அந்தத் தனிப்பட்டியல் நமக்கு எப்போது வந்தது? 1970இலேயே சட்டநாதன் ஆணையம் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. 20 சதவீதம் தனியாகக் கிடைத்தது 1989இல். சமூகநீதியில் நாங்கள்தான் முன்னோடி என்று மார்தட்டுகிற தமிழ்நாட்டுக்கு 11 வருடம் முன்னாலேயே பீகார் அதைச் செய்துவிட்டது. பீகாரை நாம் கிண்டல் பண்ணுகிறோமே, அந்தப் பீகார்.

நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால் சாதிச் சான்றிதழுக்குக் கூட்டம் அலைமோதும். பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கையில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மானிய டீசல் பாஸ்புக், ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட், அப்புறம் அப்பாவுடைய பழைய சாதிச் சான்றிதழ், லேமினேஷன் செய்து ஓரம் மஞ்சளாகிப் பிரிந்திருக்கும். ஆதாருக்கு விரலை வைக்கச் சொன்னால் ரேகை விழாது. பாறை இடுக்கில் துணி சுற்றிய விரலோடு பாசி எடுத்து எடுத்து ரேகை தேய்ந்துபோயிருக்கும். நான் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வேன். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி, கடைசியில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகி வரும். அதில் எம்.பி.சி. என்று மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நர்சிங் படிக்கப் போகும், பாலிடெக்னிக் போகும். அந்த எழுத்துக்குக் காரணமானவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டதே இல்லை.

பீகாருக்கே திரும்புகிறேன். 1978இல் ஆணை வந்ததும் என்ன நடந்தது? மாநிலமே கொதித்தது. கல்லூரிகளில் கலவரம், மறியல். அதுவரை எளிமையானவர், உத்தமர் என்று கொண்டாடிய வாய்களே கோஷத்தை மாற்றின. ‘நாற்காலியை விடு, சவரக்கத்தியைப் பிடி’ என்று தெருவில் கத்தினார்கள். முதலமைச்சரைப் பார்த்து! அவர் சாதியைச் சொல்லி, அவர் அப்பன் பாட்டன் தொழிலைச் சொல்லி.

நம் அக்னி தீர்த்தக் கரைக்கு விடியக்காலையில் போய்ப் பாருங்கள். பீகாரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெரியவர் தலையைக் குனிந்து கொடுப்பார். நம் ஊர் நாவிதர் தீர்த்தத்தை உள்ளங்கையில் அள்ளித் தலையில் தேய்த்து, பிளேடை உறையோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகி, உச்சியிலிருந்து நெற்றிக்கு ஒரு இழுப்பு. பேச்சு புரியாது. தாடையைத் தொட்டுத் திருப்புவார், அவர் திரும்புவார். காதோரம் வரும்போது கத்தி தானாக மெதுவாகும். எவ்வளவு பெரிய பணக்காரனும் அந்த ஐந்து நிமிடம் கழுத்தை அந்தக் கையில்தான் கொடுத்தாக வேண்டும். கழுத்தைக் கொடுப்பார்கள், நாற்காலியைக் கொடுக்க மாட்டார்கள். 1978இல் பாட்னாத் தெருவில் கத்தியவர்கள் சொன்னதன் அர்த்தம் இதுதான். கிழிந்த குர்தா போட்ட நாவிதரை அவர்களால் தாங்கிக்கொள்ள முடிந்தது. கையெழுத்துப் போடுகிற நாவிதரைத் தாங்க முடியவில்லை.

1979 ஏப்ரலில் ஆட்சி போனது. ஜனதா கட்சிக்குள் இருந்தவர்களே கவிழ்த்தார்கள். அந்த ஆணையும் ஒரு முக்கியக் காரணம். பதவி போகும் என்று தெரியாமலா போட்டிருப்பார்? 1952இலிருந்து சட்டமன்றத்தில் உட்கார்ந்தவர் அவர். தலை எண்ணத் தெரியாதா?

ஆள் போனார், அடுக்கு நின்றது. பின்னால் வந்த ஆட்சிகள் எண்ணிக்கையைக் கூட்டின, குறைத்தன, ஆனால் மிகவும் பின்தங்கியோர் என்ற தனி வரிசையை எடுக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. 2023இல் பீகார் அரசு சாதிவாரிக் கணக்கெடுப்பை வெளியிட்டபோது மிகவும் பின்தங்கியவர்கள் மட்டும் 36 சதவீதம் என்று வந்தது. மாநிலத்திலேயே பெரிய கூட்டம் அதுதான். இன்றைக்கு அங்கே எந்தக் கட்சியும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் தேர்தலுக்குப் போக முடியாது.

டெல்லியைப் பாருங்கள். கர்பூரி ஆணை போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1979 ஜனவரியில், நாடு முழுக்கப் பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய மண்டல் ஆணையம் அமைக்கப்பட்டது. பி.பி. மண்டலும் பீகாரின் முன்னாள் முதலமைச்சர்தான். அந்த ஆணையம் எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்தது. உறுப்பினர் எல்.ஆர். நாயக் மட்டும், பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் இருக்கிறவனுக்கு ஒன்றும் சேராது என்று தனியாக எழுதி வைத்தார். எடுபடவில்லை. 2017இல் அதே பிரிப்பைப் பற்றி ஆராய நீதிபதி ரோகிணி தலைமையில் ஒரு ஆணையம் போட்டார்கள். அது பல தடவை கால நீட்டிப்பு வாங்கி, 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. ஒரு மாநில முதலமைச்சர் 1978இல் ஒரே ஆணையில் முடித்ததை ஆராயவே டெல்லிக்கு இவ்வளவு காலம். முன்னேறிய சாதி ஏழைகளுக்கு அவர் வைத்த 3 சதவீதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி 10 சதவீதம் கொண்டுவந்தார்களே, அந்த யோசனையும் அவர் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. அது சரியா தப்பா என்பது வேறு பட்டிமன்றம். அதற்கு நடுவர் வேறு தேதி கொடுக்கட்டும், அன்றைக்கு நான் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

எதிரணியின் இன்னொரு கேள்வி நியாயமானது. “சட்டம் நிற்கும் என்கிறாயே, அவர் போட்டதெல்லாம் நின்றதா?” இல்லை. 1977இல் மதுவிலக்கு கொண்டுவந்தார், அவர் ஆட்சியோடு அதுவும் போய்விட்டது. மறுபடி பீகாரில் மதுவிலக்கு வந்தது 2016இல். எல்லாச் சட்டமும் நிற்காதுதான். ஆனால் ஒருவருடைய எளிமை அவரோடு கண்டிப்பாகப் போய்விடும். அதற்கு மட்டும் உத்தரவாதம் கொடுக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். ஒரு சம்மாட்டி நல்ல மனுசன். விசைப்படகு வைத்திருக்கிறார், ஆனால் கரையோரம் மடிவலை இழுக்க மாட்டார். வள்ளத்துக்காரன் பிழைப்பு கெட்டுவிடும் என்று நினைக்கிறவர். அவரைக் கும்பிடலாம். ஆனால் அவர் மகன் அப்படி இருப்பான் என்று எழுதிக் கொடுக்க முடியுமா? படகை விற்றால் வாங்கினவன்? அதனால்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு. நம் பாக் நீரிணையில் வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்தோம். மீறுகிறவன் மீறுகிறான், எனக்கும் தெரியும், முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கிறீர்கள், உங்களுக்கும் தெரியும். ஆனால் மீறினால் மீன்துறை அலுவலகத்தில் போய் நின்று, “விதி இருக்கே சார்” என்று வள்ளத்துக்காரன் கேட்க முடிகிறது. சம்மாட்டியின் நல்ல மனசை நம்பியிருந்தால் அவர் வீட்டு வாசலில் போய்க் கையைக் கட்டி நிற்க வேண்டும்.

எதிரணித் தலைவர் அண்ணன் கக்கன் ஐயாவையும் இழுத்தார். மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில் முன்னாள் அமைச்சர் படுத்துக் கிடந்தார், எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்துப் பதறினார் என்று. தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாத பிள்ளை இல்லை. அதே பிள்ளையிடம், கக்கன் எந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தார் என்று கேளுங்கள். முழிக்கும். அவர் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தபோது, 1959இல்தான் வைகை அணை திறக்கப்பட்டது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் வைகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்திபனூர் மதகு தாண்டித் தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஜனம் நாம். பெரிய கண்மாய் நிரம்பிய வருடம் கல்யாணம், நிரம்பாத வருடம் கடன். அந்த அணையை விட்டுவிட்டோம், ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டோம். ஏன் தெரியுமா? கட்டிலைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் போதும், வேறு வேலை இல்லை. அணையை நினைத்தால், இன்றைக்கு நம் எம்.எல்.ஏ. என்ன செய்தார் என்று அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். இப்போது இருக்கிறவர்களுக்கு அது சங்கடம். அதனால் எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து எளிமைக்கு மாலை போடுகிறார்கள். செலவில்லாத மாலை.

எளிமை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கை சுத்தமாக இருந்ததால்தான் அவரால் அந்த ஆணையைத் துணிந்து போட முடிந்தது. மடியில் கனமிருந்திருந்தால் ஒரு வழக்கைக் காட்டியே அடக்கியிருப்பார்கள். அந்த அளவுக்கு எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தலைப்பில் ‘பெரிதும் காரணம்’ என்று இருக்கிறது, நடுவர் அவர்களே. கிழிந்த சட்டையோடு சட்டமன்றத்துக்குப் போய், கிழிந்த சட்டையோடு திரும்பி வந்து, நடுவில் ஒன்றும் செய்யாத நல்லவர்களும் இந்த நாட்டில் நிறைய இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஒரே ஒரு கதை பாக்கி இருக்கிறது. அக்கா கடைசியில் சொன்னார்கள். கர்பூரி முதலமைச்சராக இருந்தபோதே, சொந்த ஊரில் ஆதிக்கக்காரர்கள் அவர் அப்பாவை அவமானப்படுத்தினார்களாம். கலெக்டர் நடவடிக்கை எடுக்கப் போனபோது, வேண்டாம் என்று கர்பூரியே தடுத்துவிட்டாராம். எவ்வளவு பொறுமை, எவ்வளவு பெருந்தன்மை என்று அக்கா முடித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா. முதலமைச்சரின் அப்பா என்பதால் கலெக்டர் ஓடி வருகிறார். பக்கத்துத் தெருவில் இன்னொரு நாவிதருக்கு இதே நடந்தால் எந்தக் கலெக்டர் வருவார்? அப்பாவுக்காக நாலு பேரை உள்ளே தள்ளுவது ஒரு மகன் செய்கிற வேலை. அவர் ஆள வந்தவர். அப்பாவைப் போல 94 சாதிகளில் இருக்கிற அப்பாக்களின் பிள்ளைகள், அதே கலெக்டர் ஆபீஸில் மேசை போட்டு உட்காரட்டும் என்று ஆணை போட்டார். பழி தீர்ப்பதில் இதைவிடப் பெரிய பழி எனக்குத் தெரியவில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன். அடுத்து எதிரணியில் பேசப்போகிற தங்கை கல்லூரியில் படிக்கிறவர், நன்றாகப் பேசுவார், போன வருடம் என்னைத் தோற்கடித்தவரும் அவர்தான். அவருக்கு மட்டும் ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். 1978இல் பெண்களுக்கென்று அரசு வேலையில் 3 சதவீதம் தனியாக எடுத்து வைத்தார் அந்த மனுசன். அந்த நேரத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவுமில்லை, ஊர்வலம் போகவுமில்லை. தங்கச்சி, அந்த 3 சதவீதத்தை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள், கிழிந்த கோட்டின் கணக்கிலா, இல்லை எங்கள் கணக்கிலா?

வாருங்கள், மைக் உங்களுக்குத்தான். கச்சான் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.